கிட்டங்கியிலிருந்து சேமிப்பறைக்கு: சிங்கப்பூரில் வாடகைச் சேமிப்புச் சேவையும் தமிழ் ஆவணங்களும்

முன்னுரை

மலாய் மொழியின் ‘குடாங்’, ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ ஆகிய சொற்கள் தமிழ், தெலுங்கு மொழிகளில் வழங்கும் ‘கிடங்கு’, ‘கிட்டங்கி’ என்பனவற்றோடு உறவுடையவை என்பர். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய இடங்களும் கிட்டங்கி என்றே பெயர் பெற்றிருந்தன. ஒரே கூரையின்கீழ்ப் பலர் ஆளுக்குச் சிறிது இடம் கொண்டு, தத்தம் கணக்கேடுகளையும் பெட்டகங்களையும் வைத்துக்கொண்டனர். இன்றைய வாடகைச் சேமிப்புச் சேவையும் பலருக்கு இடத்தைப் பகிர்ந்தளிப்பதே. எனினும் கிட்டங்கியில் பொருளருகே அதற்குரியவரும் இருந்தார். சேமிப்பறையில் பொருள் மட்டுமே இருக்கிறது. இவ்வேறுபாடு நம் சமூக ஆவணங்களுக்கு எத்தகைய விளைவைத் தரும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சேவையின் அமைப்பு

இச்சேவை 1960களில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. சிங்கப்பூரில் 2000க்குப் பின்னர் வேரூன்றியது. பெரும்பாலும் தொழிற்பேட்டைக் கட்டடங்களின் தளங்களைச் சிறு அறைகளாகத் தடுத்து மாத வாடகைக்கு விடுகின்றனர். பூட்டும் சாவியும் வாடகைக்கு எடுப்பவருடையவை. கண்காணிப்புக் கேமராவும் நுழைவுக் கட்டுப்பாடும் நிறுவனத்தின் பொறுப்பு.

விரியும் பயன்பாடு

சிங்கப்பூர்வாசிகளுள் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேலானோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் உள்ள தற்காப்பு அறையே பல குடும்பங்களுக்குப் பண்டக அறையாகவும் பயன்படுகிறது. அதுவும் நிரம்பியபின் வாடகை அறையை நாடுகின்றனர். வீடு மாறுவோரும் வீட்டைப் புதுப்பிப்போரும் சில மாதங்களுக்கு அறை எடுப்பதுண்டு. இணையவழி வணிகர் சரக்கையும், அலுவலகங்கள் சட்டப்படி 5 ஆண்டுகள் காக்க வேண்டிய கணக்குக் கோப்புகளையும் இங்கு வைக்கின்றனர். இதன் உச்சநிலையாக, 2010இல் சாங்கி விமான நிலையத்தின் அருகே திறக்கப்பட்ட ‘ஃப்ரீபோர்ட்’ கிடங்கைச் சுட்டலாம். கலைப்பொருள், தங்கம் முதலிய விலையுயர்ந்த பொருள்களுக்கென்றே அது அமைக்கப்பட்டது.

ஏடுகளின் நிலை

சொந்தக் கட்டடம் இல்லாத சங்கங்களுக்கும் நூல் சேர்த்த ஆசிரியர் குடும்பங்களுக்கும் இச்சேவை ஏற்ற வழியாகத் தோன்றும். கூட்டக் குறிப்பேடுகள், ஆண்டுவிழா மலர்கள், நாடக ஒளிப்படங்கள் ஆகியவற்றை வீட்டில் வைக்க இடமிராது. தூக்கி எறியவும் மனம் வராது. ஆனால் இங்கு இரு செய்திகளைக் கருதவேண்டும்.

முதலாவது தட்பவெப்பம். சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஏறத்தாழ 65 விழுக்காட்டிற்கு மேல் தொடர்ந்து நீடித்தாலே தாளில் பூஞ்சை பற்றும். ஆகவே குளிர்சாதனம் உண்டா என்பதோடு, ஈரப்பதம் இரவிலும் கட்டுப்படுத்தப்படுகிறதா என்றும் கேட்டறிதல் இன்றியமையாதது.

இரண்டாவது உரிமை. நிறுவனம் வாடகைக்கு விடுவது இடத்தையே. உள்ளே இருப்பது இன்னது என்று அது அறியாது. காப்புறுதி பெரும்பாலும் வாடகைதாரரின் பொறுப்பாகும். வாடகை நிலுவையானால் பொருளை விற்கவோ அகற்றவோ ஒப்பந்தங்கள் பொதுவாக இடந்தருகின்றன. ஒப்பமிட்ட செயலாளர் பதவி விலகினாலோ மறைந்தாலோ அறிவிப்பு மடல் யாருக்கும் எட்டாமற் போகலாம். அப்போது ஒரு சங்கத்தின் அரை நூற்றாண்டு வரலாறும் உரிமையாளரற்ற அட்டைப்பெட்டிகளாகவே கருதப்படும்.

முடிவுரை

ஒப்பந்தம் தனியாள் பெயரில் அன்றிச் சங்கத்தின் பெயரில் அமைதல் வேண்டும். பெட்டிவாரியான பட்டியல் ஒன்று அறையிலும் மற்றொன்று வெளியிலும் இருத்தல் நன்று. சாவியும் விவரமும் இருவரிடமேனும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெட்டிகளைத் திறந்து பார்த்தல் தகும்.

இவற்றினும் முதன்மையானது, சேமிப்பறையை இறுதி இடமாகக் கொள்ளாமையே. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராய்த் திரட்டிய அச்சுநூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்று, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. அவற்றைக் காத்தது பூட்டு மட்டுமன்று. பட்டியலிட்டுப் பேணிப் படிப்போர்க்கு வழங்கிய நிறுவனமும் ஆகும். நம் சேகரிப்புகளுள் பொதுப்பயன் உடையவற்றைத் தேசிய நூலகத்திடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ கையளிப்பது பற்றி, அவை இன்னவை என்று சொல்லவல்லவர் நம்மிடையே உள்ளபோதே முடிவு செய்தல் வேண்டும் எனக் கருதுகிறோம்.