கூலண்ட் எங்கே போகிறது? பழைய கேம்பர் வேனில் மெதுவான கசிவைக் கண்டறிவது எப்படி?

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என ஒரு சிறு வீட்டையே சுமந்து செல்லும் வாகனம் கேம்பர் வேன். ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1979-ல் அறிமுகப்படுத்திய டி3 வேன் இவற்றில் புகழ்பெற்றது. வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் சமையல் வசதியும் பொருத்திய டி3 வேன்களில் குடும்பங்கள் இன்றும் பயணம் செய்கின்றன. முதலில் காற்றால் குளிரும் இன்ஜினுடன் வந்த இந்த வேனுக்கு, 1980-களின் தொடக்கத்தில் தண்ணீரால் குளிரும் பாக்ஸர் இன்ஜின் வந்தது. அதன் உரிமையாளர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுதான்: "வாரத்துக்கு ஒரு டம்ளர் கூலண்ட் குறைகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை!"

பலரும் குறைந்ததை ஊற்றிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது" என்ற ஒரு வார்த்தையை நம்பி இன்ஜினையே பிரிக்கிறார்கள். இரண்டுமே தவறு. முதலாவது, மனைவி மக்களுடன் மலைப்பாதையில் ஏறும்போது இன்ஜின் கொதித்து, அலுமினிய ஹெட் வளைந்துபோகும் அபாயத்துக்குக் கொண்டு செல்லும். இரண்டாவது, பல நேரங்களில் வீண்விரயம். சாட்சி இல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இன்ஜினுக்கும் பொருந்தும். முதலில் விசாரிப்போம்.

முதலில் கணக்கு

டி3 வேனின் பின்பக்கம் இரண்டு கூலண்ட் டேங்குகள் உள்ளன. ஒன்று இன்ஜின் அறைக்குள் அழுத்தத்தில் இயங்குவது. மற்றொன்று நம்பர் பிளேட் மூடிக்குப் பின்னால் இருப்பது. இன்ஜின் சூடாகும்போது விரியும் கூலண்ட், முதல் டேங்கின் மூடி வழியாக இரண்டாவது டேங்குக்குப் போகும். குளிர்ந்ததும் திரும்பி வரும். ஆகவே சூட்டில் ஒரு நாள், குளிர்ச்சியில் ஒரு நாள் என்று பார்த்தால் கணக்கு பொய் சொல்லும். காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில், அதே சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

டேங்கில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஒரு நோட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய மில்லிலிட்டர் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உண்மை தெரியும். ஓடினால் மட்டும் குறைகிறதா, நிறுத்தி வைத்தாலும் குறைகிறதா என்பதே முதல் தடயம்.

சமீபத்தில் கூலண்ட் மாற்றியிருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்த வேனில் இன்ஜின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கின்றன. நடுவில் வண்டியின் அடியில் நீண்ட குழாய்கள் ஓடுகின்றன. மொத்தக் கொள்ளளவு 16 லிட்டருக்கும் மேல். இவ்வளவு நீண்ட பாதையில் காற்று எளிதில் தங்கிவிடும். அது வெளியேற வெளியேற மட்டம் இறங்கும். இது கசிவு அல்ல. முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ரேடியேட்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

சொட்டு ஏன் தெரிவதில்லை?

ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 72 மில்லிலிட்டர். ஒரு வாரத்தில் அரை லிட்டர். அந்தச் சொட்டு சூடான சைலன்சர் குழாயில் விழுந்தால் ஆவியாகிப் போகும்; தரை காய்ந்தே இருக்கும். எனவே ஈரத்தைத் தேடாமல் காய்ந்த தடத்தைத் தேடுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்ததுபோல் ஒரு கறை இருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஹோஸ் முனைகள், கிளாம்ப்கள், தெர்மோஸ்டாட் கூடு, ரேடியேட்டரின் அடிப்பகுதி, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை. அந்தத் துளையிலிருந்து கூலண்ட் வழிந்தால் பம்பின் உள் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இந்த பாக்ஸர் இன்ஜினுக்கே உரிய ஒரு பலவீனமும் உண்டு. இதன் அலுமினிய ஹெட்டுக்கும் தண்ணீர் சூழும் பகுதிக்கும் இடையே தடித்த ரப்பர் கேஸ்கெட் ஒன்று இருக்கிறது. காலப்போக்கில் ரப்பர் இறுகும். அது அமரும் அலுமினியப் பரப்பு அரிக்கப்படும். அங்கே கூலண்ட் கசியும். ஆனால் எரியறையை அடைப்பது தனி உலோக வளையம். ஆகவே இந்த ரப்பர் கசிந்தாலும் கூலண்ட் பெரும்பாலும் வெளியேதான் வரும். எண்ணெயில் கலக்க வேண்டியதில்லை. வண்டியின் அடியில் படுத்து அந்த இணைப்புக் கோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உள்ளே போகிறதா?

வெளியே தடம் இல்லையென்றால் வண்டிக்குள் பாருங்கள். ஹீட்டரின் உள்ளேயும் கூலண்ட்தான் ஓடுகிறது. முன் ஹீட்டரைப் போலவே பல வேன்களில் பின் இருக்கைக்கு அடியிலும் ஒன்று உண்டு. இனிப்பு வாசனை, ஈரமான தரைவிரிப்பு, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் ஆகியவை ஹீட்டர் கசிவின் அடையாளங்கள்.

அடுத்தது பிரஷர் டெஸ்டர். குளிர்ந்த இன்ஜினில், மூடிக்குப் பதிலாக இந்தக் கைப்பம்பைப் பொருத்தி, மூடி தாங்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் கூலண்ட் எங்கோ வெளியேறுகிறது. மூடியையும் தனியே சோதியுங்கள். ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. மூடி தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பும் போகிறது, கூலண்டும் போகிறது. விலை குறைந்த பொருள் என்பதால் பலரும் கடைசியில் பார்ப்பது இதைத்தான். முதலிலேயே பார்க்க வேண்டியது.

எரியறைக்குள் போகிறதா என்று அறியவும் வழி உண்டு. காலையில் இன்ஜினை இயக்கியதும் டேங்கில் தொடர்ந்து குமிழிகள் வருகின்றனவா? இன்ஜின் சூடாகும் முன்பே ஹோஸ் கல்போல் இறுகுகிறதா? சூடான பிறகும் இனிப்பு வாசனையுடன் வெண்புகை வருகிறதா? சந்தேகம் இருந்தால், டேங்கின் வாய்க்கு மேல் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினின் எரிவாயு கலந்தால் அது மஞ்சளாகும். எண்ணெய் மூடியின் அடியில் கொஞ்சம் பால்போல் படிந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். குளிர்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம்.

தவிர்க்க வேண்டியவை

கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் பொடியும் திரவமும், ஹீட்டர், ரேடியேட்டர் ஆகியவற்றின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடக்கூடும். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுவதும் தவறு. அது உப்பைப் படியவைத்து அலுமினிய அரிப்பை வளர்க்கும். இந்த இன்ஜினுக்குப் பாஸ்பேட் இல்லாத கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதே முறை.

எல்லாவற்றையும்விட முக்கியம் நம் பிள்ளைகள். சூடான இன்ஜினின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். பீறிடும் கூலண்ட் முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். ஆனால் கடும் விஷம். மீந்ததைப் பழரச பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால், ஏதாவது அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேம்பர் வேன் இல்லாத வீடுகளிலும், தண்ணீரால் குளிரும் எந்தப் பழைய வேனுக்கும் இந்த வரிசை பொருந்தும்: கணக்கு, மூடி, வெளித் தடம், ஹீட்டர், கடைசியாக இன்ஜின். மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "எங்கோ ஒழுகுகிறது" என்று சொல்பவரைவிட, "பன்னிரண்டு நாளில் 300 கிலோமீட்டர், அரை லிட்டர், நிறுத்தி வைத்தால் குறைவதில்லை" என்று சொல்பவரின் வண்டியில் குறை சீக்கிரம் பிடிபடும், செலவும் குறையும்.