ஸ்பின் ஓடலையா? மோட்டாரைத் திட்டாதீங்க

துணி துவைச்சு முடிஞ்சாச்சு. ஆனா தண்ணீர் அப்படியே நிற்கிறது, ஸ்பின் ஓடவில்லை. உடனே ‘மோட்டார் போச்சு’ன்னு முடிவு கட்டிடாதீங்க.

டாப் லோடு மெஷினில் இரண்டு தொட்டிகள். வெளித்தொட்டி தண்ணீரைப் பிடித்து வைக்கும். உள்ளே, ஓட்டை போட்ட தொட்டியில் துணி. வெளித்தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய டியூப் மேலே பிரஷர் சென்சாருக்குப் போகிறது. தண்ணீர் ஏற ஏற டியூபுக்குள் காற்று அழுந்தும். அதை வைத்துத்தான் மெஷின் நீர்மட்டத்தை அறிகிறது. ‘வடிஞ்சாச்சு’ன்னு சென்சார் சொல்லாதவரை ஸ்பின் தொடங்காது.

அதனால் முதலில் பிளக்கை உருவிட்டு டிரெயின் ஹோஸைப் பாருங்க. மடங்கியிருக்கா? பம்ப் இல்லாத மாடல்களில் தண்ணீர் தானாகவே இறங்கணும்; ஹோஸைத் தூக்கி வைத்தால் வடியாது. அடுத்து டிரெயின் வால்வு: சட்டை பட்டன், நாணயம், நூல் ஏதாவது சிக்கியிருக்கலாம்.

முழுசா வடிஞ்சும் சுத்தலைன்னா மூடி சுவிட்ச், பெல்ட், அந்த மெல்லிய டியூபில் அடைப்பு என்று வரிசையாகப் பார்க்கணும். தடதடன்னு குதித்து நின்றால் துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். பிரித்துப் போட்டாலே போதும்.

தண்ணீர் ஏறுவதே மெதுவா? இன்லெட் வால்வின் வாயில் உள்ள சின்ன வலையைக் கழுவுங்க. போர் தண்ணீர் வீடுகளில் மணல் அடைப்பது அங்கேதான்.

இத்தனைக்கும் பிறகுதான் மோட்டார்மேல் சந்தேகம் வரணும்.