பக்கவாதம் பரம்பரைச் சொத்தா?

"அண்ணாச்சி, எங்கப்பாவுக்கு 58 வயசுல கை கால் விழுந்துச்சு. எனக்கும் அப்படித்தான் வரும். மாத்திரை போட்டு என்ன ஆவப்போவுது?" சேலையூர் கேம்ப் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் சொன்னது இது. டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையை மூன்று மாதமாக நிறுத்தியிருந்தார்.

அவர் பேச்சில் பாதி உண்மை. மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ வருவது பக்கவாதம். அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. நம் நீலகிரியிலேயே சாட்சி இருக்கிறது. அங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு ரத்தசோகைக்கான மரபுக்கூறு இருப்பதை 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் ரத்தச் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து குழாயை அடைக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அக்குறை வந்து சேர்ந்த பிள்ளைக்குப் பள்ளி செல்லும் வயதிலேயே பக்கவாதம் வரக்கூடும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை.

இவ்வளவு வலுவான குறையிலும் கூட, ஆபத்துள்ள குழந்தைகளை முன்கூட்டியே சோதித்துக் கண்டு, தவறாமல் ரத்தம் ஏற்றி வந்தால் பக்கவாதம் 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று 1998-ல் அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்.

நம்மில் பெரும்பாலோர் குடும்பங்களில் கதை வேறு. இங்கே ஒரு பெருங்கடன் இல்லை. சில்லறையாகச் சேர்ந்த பாக்கிதான். 2022-ல் வெளியான உலகளாவிய ஆய்வு, பக்கவாதத்தோடு தொடர்புள்ள 89 மரபணு இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் சொற்பம். அவற்றில் பல, ரத்த அழுத்தத்தோடு சம்பந்தப்பட்டவை. பிரிட்டனில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளையர்களைக் கவனித்து 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மரபணு ஆபத்து மிகுந்தவர்களுக்கு, குறைந்தவர்களைவிட 35 சதவீதம் கூடுதலாகப் பக்கவாதம் வந்தது. புகை, பருமன், ஒழுங்கற்ற சாப்பாடு, உடலுழைப்பின்மை என்று இருந்தவர்களுக்கோ, கட்டுப்பாடாக இருந்தவர்களைவிட 66 சதவீதம் கூடுதல்!

ஆக, அப்பாவுக்கு வந்ததென்றால் மாத்திரையை விடாமல் போட அதுவே காரணம்; நிறுத்துவதற்கல்ல. அன்பரோடு சற்றுக் கடிந்து பேசி, அன்று மாலையே டாக்டரிடம் அழைத்துப் போனோம். பிரஷர் மேல் அளவு 180. தலைவலி, மயக்கம் எதுவும் அவருக்கு இல்லை. பெற்றோருக்கு எந்த வயதில் வந்தது என்பதை டாக்டரிடம் நாமே சொல்லிவிடுவது நல்லது. ஊறுகாயும் அப்பளமும் நம் கடைச் சரக்குதான். அதற்காக மதியச் சாப்பாட்டுக்குப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டுமா?

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ கல்லாவை அப்படியே விட்டுவிட்டு உடனே 108-ஐ அழைக்கவும். ஸ்கேன் பார்த்து, அடைப்புதான் என்றால் அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வைக்கவும்.