ஒரு கம்பம், பல கம்பெனி!

கயத்தாறு என்றதும் வீரபாண்டிய கட்டபொம்மன் நினைவு வரும். 1799-ம் ஆண்டு வெள்ளையர் அவரைத் தூக்கில் போட்ட ஊர் அது. இன்று அந்த ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன. கரிசல் காட்டில் மின்சாரக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன.

வீட்டுக்கு விளக்குக் கொடுத்த அந்தக் கம்பங்கள் வழியாகவே இப்போது இண்டர்நெட் கேபிளும் கிராமங்களுக்குப் போகிறது. அந்தக் கம்பத்தில் கேபிள் கட்டும் உரிமை யாருக்கு? இதுதான் கேள்வி.

முடி போன்ற கண்ணாடி

கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி இழை. தலைமுடி அளவு பருமன்தான். அதற்குள் ஒளி ஓடுகிறது. நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் வேகம்! பேச்சு, படம், பாடம் எல்லாம் ஒளியாக மாறிப் போகின்றன. ஓர் இழையைப் பிரித்து 32 வீடுகளுக்குக் கொடுக்கலாம்.

இழைக்கு ஆகும் செலவு குறைவு. பள்ளம் தோண்டவும் கம்பம் நடவும்தான் பணம் கரைகிறது. அதிலும் கரிசல் மண் மழையில் உப்பும்; வெயிலில் வெடிக்கும். நட்ட கம்பம் சாயும்.

பட்டணத்துத் தெருவில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. போட்ட பணம் திரும்பிவிடும். கரிசல் காட்டிலோ ஊருக்கு ஊர் தூரம். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே கம்பம் நட்டால் யாருக்கும் கட்டுபடி ஆகாது. ஒரே கம்பெனி மட்டும் வந்தால், அது வைத்ததுதான் விலை!

ரோடு ஒன்று, பஸ் பல

இதற்கு வழி உண்டு. ரோடு ஒன்றுதான். அதில் அரசு பஸ்சும் ஓடுகிறது, தனியார் பஸ்சும் ஓடுகிறது. கேபிளையும் அப்படியே பொதுவாக வைக்கலாம்.

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். நாடு முழுவதும் உள்ள இழை ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. மற்றக் கம்பெனிகள் வாடகை கொடுத்து அதில் இண்டர்நெட் விற்கின்றன. எல்லோருக்கும் ஒரே வாடகை.

டெண்டர் சண்டை

நம் நாட்டில் ஊராட்சிகளை இழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. அதுவே பின்னர் 'பாரத்நெட்' ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை 'டான்பிநெட்' என்ற அரசு நிறுவனத்திடம் வந்தது.

2019 டிசம்பரில் டெண்டர் விட்டார்கள். ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் வேலை! அதன் நிபந்தனைகள் போட்டியைத் தடுக்கின்றன என்று புகார் எழுந்தது. 2020 ஜூனில் அந்த டெண்டரை ரத்து செய்யும்படி மத்திய அரசு சொன்னது. மறுபடியும் டெண்டர் விட்டு, கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை தொடங்கியபோது 2022 ஜூன் ஆகிவிட்டது.

இடைப்பட்ட காலத்தில்தான் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடின. பாடம் செல்போனுக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் சிக்னல் தேடி அலைந்தார்கள். பெரியவர்களின் டெண்டர் சண்டை முடியும்வரை பிள்ளைகளின் படிப்பு காத்திருக்குமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. கேபிள் போட வழி கொடுப்பதில் கம்பெனிக்குக் கம்பெனி பாரபட்சம் கூடாது என்கிறது அந்தச் சட்டம். கூடுமானவரை ஒருவருக்கு மட்டும் என்று வழியை ஒதுக்கவும் கூடாது. இதற்கான விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று கேட்கலாம்: "ஊராட்சி ஆபீசுக்கு வந்த இழை வேலை செய்கிறதா? பெரிய கம்பெனிக்குக் கொடுக்கும் அதே வாடகைக்கு நம் ஊர் கேபிள் டி.வி.க்காரருக்கும் கொடுப்பீர்களா?"

கம்பம் நிற்பது ஊர் மண்ணில். அதில் வரும் பலனும் ஊருக்கே சேர வேண்டும்!