25 வருஷ லீவை இப்பவே வாங்கலாமா? பாயின்ட்ஸ் ஹாலிடே மெம்பர்ஷிப்... கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு!

"வாழ்த்துகள் சார்! உங்க நம்பர் செலக்ட் ஆகியிருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நீங்களும் மேடமும் வந்தீங்கன்னா டின்னர் ஃப்ரீ, கிஃப்ட் வவுச்சர் ஃப்ரீ. தம்பதியா வரணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்!"

கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த போன் இது. ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் பெயரும் நம்பரும் எழுதிப் போட்ட கூப்பனின் விளைவு என்பது அப்பாவுக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் ரிட்டயர் ஆகி எட்டு மாதம் ஆகிறது. பி.எஃப். பணம் வங்கியில் இருக்கிறது. "இத்தனை வருஷம் உங்கம்மாவை எங்கேயுமே கூட்டிட்டுப் போகலை" என்ற குறை மனதில் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த ஆளைத்தான் அந்த போன் தேடிக்கொண்டிருந்தது.

ஈ.சி.ஆரில் ஒரு ஹோட்டல் ஹால். மேஜைக்கு ஒரு தம்பதி, ஒரு விற்பனைப் பிரதிநிதி. யாராவது கையெழுத்துப் போட்டால் மைக்கில் பெயரைச் சொல்லி எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் என்றது மூன்று மணி நேரம் ஆனது. "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் சார்" என்றதும் அப்பா கார்டைத் தேய்த்து 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தார். டின்னர் நன்றாக இருந்ததாம்.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் கட்டுரையில் பெயர் வரும் எந்த நிறுவனமும் அது அல்ல. "நீதான் ரிப்போர்ட்டராச்சே, படிச்சுப் பாரு" என்று அப்பா அந்த ஒப்பந்தத்தை என் கையில் கொடுத்தார். படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்கிறேன்.

சொத்தா, சந்தாவா?

அப்பா வீட்டுக்கு வந்து சொன்ன முதல் வார்த்தை, "கொடைக்கானல்ல நமக்கு ஒரு இடம் ஆச்சு!" என்பதுதான். விற்றவர்களும் 'ஓனர்ஷிப்' என்றே பேசியிருக்கிறார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தில் எந்த அறையின் எண்ணும் இல்லை. பத்திரப் பதிவு இல்லை, பட்டா இல்லை, வில்லங்கச் சான்று இல்லை. அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது. குறிப்பிட்ட வருடங்களுக்கு, அறை காலியாக இருந்தால் தங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே அதில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், 25 வருட விடுமுறைக்கு முன்பணம்.

இது புதிய யோசனையும் இல்லை. 1963-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாபிமேக் என்ற நிறுவனம் பங்கு வாங்கியவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, அதை வைத்து விடுமுறை வீடுகளில் தங்க அனுமதித்தது. அமெரிக்காவில் 1991-ல் டிஸ்னி நிறுவனமே புள்ளி அடிப்படையில் ஒரு வெகேஷன் கிளப் ஆரம்பித்தது.

நம் ஊருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் 'டைம்ஷேர்' என்ற சொல்லைப் பரவலாக்கிய ஸ்டெர்லிங் ஹாலிடேஸ், 1986-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. 1996-ல் உருவான மஹிந்திரா ஹாலிடேஸ் நிறுவனத்தின் பதிவு அலுவலகமும் நீண்ட காலம் சென்னை பட்டுல்லாஸ் சாலையில்தான் இருந்தது. அவர்களின் கிளப் மஹிந்திரா திட்டம் வருடத்துக்கு 7 நாள், 25 வருடம் என்ற கணக்கையும், சீசனை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரிப்பதையும் நடுத்தரக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது. இப்போது பல நிறுவனங்கள் நாள் கணக்கை விட்டுப் புள்ளிக் கணக்குக்கு வந்துவிட்டன.

புள்ளி எப்படி வேலை செய்கிறது?

வருடா வருடம் உங்கள் கணக்கில் இத்தனை பாயின்ட்ஸ் என்று ஏறும். அறைக்கு ரூபாய்க்குப் பதில் பாயின்ட்ஸ் கொடுக்க வேண்டும். ஜூலை மாதம் செவ்வாய்க்கிழமை என்றால் குறைவு. மே மாதம், தீபாவளி, பொங்கல், நீண்ட வார இறுதி என்றால் அதிகம். சிறிய அறைக்கு ஒரு கணக்கு, இரண்டு படுக்கையறைக்கு வேறு கணக்கு.

இதில் வசதி உண்டு. ஏழு நாளையும் ஒரே இடத்தில் கழிக்க வேண்டியதில்லை. ஏற்காட்டில் இரண்டு, மூணாறில் மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம். மிச்சமானதை, விதி அனுமதித்தால், அடுத்த வருடத்துக்குக் கொண்டு போகலாம்.

சிக்கலும் அதிலேயே இருக்கிறது. எந்த அறைக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இன்று 7 இரவுக்குப் போதுமான புள்ளி, பத்து வருடம் கழித்து 5 இரவுக்குத்தான் வரும் என்றால் என்ன செய்வது? பட்டியலை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்ற வரியைத்தான் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒப்பந்தத்தில் அது 14-ம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அதிகாரம் முழுக்க நிறுவனத்துக்கே.

அப்பாவும் நானும் போட்ட கணக்கு

கணக்கு புரிவதற்காக எண்களை முழுதாக்கிக்கொள்வோம். மெம்பர்ஷிப் 4 லட்சம் ரூபாய், 25 வருடம், வருடத்துக்கு 7 இரவு.

விற்பனைப் பிரதிநிதியின் கணக்கு இது: 25 வருடம் × 7 இரவு = 175 இரவு. 4 லட்சத்தை 175-ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு 2,286 ரூபாய். "இந்த விலைக்கு லாட்ஜ்கூடக் கிடைக்காது சார்!"

இப்போது நம் கணக்கு. முதலில் 18% ஜி.எஸ்.டி. சேர்க்க வேண்டும். 4 லட்சம் 4,72,000 ஆகிவிடும். அடுத்து, ஹாலில் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அறை புக் செய்ய முடியாது. அது 20,000 என்று வைத்தால், வரியோடு 23,600. அதாவது 7 இரவும் தங்கினால்கூட, இந்தக் கட்டணம் மட்டுமே இரவுக்கு 3,371 ரூபாய்.

இந்தக் கட்டணம் நிலையானதும் இல்லை. வருடம் 6% ஏறினால் 25-வது வருடம் சுமார் 95,500 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். 25 வருடத்துக்கும் சேர்த்து, பராமரிப்புக்கு மட்டும் கிட்டத்தட்ட 12.95 லட்சம். மெம்பர்ஷிப் விலையைப் போல மூன்று மடங்கு!

"ஹோட்டல் வாடகையும்தான் ஏறும்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இன்றைய கணக்கை மட்டும் பார்ப்போம் என்றேன்.

அதே 4,72,000 ரூபாயை 7% வட்டிக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால் வருடத்துக்கு 33,040 ரூபாய். அதோடு கட்டாமல் மிச்சமான 23,600-ஐச் சேர்த்தால் 56,640. 7 இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு 8,091 ரூபாய். வட்டிக்கு வரி போக கொஞ்சம் குறையலாம். ஆனால் அந்தப் பணத்தில் எந்த ஊரிலும், எந்த ஹோட்டலிலும் தங்கலாம். 25 வருடம் கழித்தும் அசல் 4,72,000 நம்மிடம் இருக்கும். மெம்பர்ஷிப்பில் அன்று மிஞ்சுவது பூஜ்ஜியம்.

வருடம் 4 இரவுதான் போக முடிந்தது என்றால்? அதே 56,640-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள். இரவுக்கு 14,160!

இ.எம்.ஐ-யில் வாங்கினால் இன்னும் மோசம். 15% வட்டியில் நான்கு வருடம் என்றால் மாதம் சுமார் 13,130 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 1.58 லட்சம்.

யாருக்கு லாபம்?

எல்லோருக்கும் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். வருடா வருடம் தவறாமல் 7 இரவும் போகிறவர்கள், இரவுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள பெரிய அறையில் குடும்பமாகத் தங்குகிறவர்கள், புக்கிங் திறக்கும் நாளை காலண்டரில் குறித்துவைத்து முதல் ஆளாக லாக்-இன் செய்கிறவர்கள்... இவர்கள் கொடுத்த பணத்துக்கு மேலேயே அனுபவிக்கிறார்கள். ஸ்கூல் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், 'பணம் கட்டியாச்சு, போயே ஆகணும்' என்ற கட்டாயமே ஒரு நன்மை என்று சொல்பவர்களும் உண்டு.

ஆனால் ஸ்கூல் லீவில் போக வேண்டியவர்கள் எல்லோருமே அதே மே மாதத்தைத்தான் கேட்பார்கள். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில், ரிசார்ட்டில் அறைகளோ சில நூறு. 'காலி இல்லை' என்ற பதில் அங்கேதான் பிறக்கிறது. போதாததற்கு, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025-ல் கோடை மாதங்களில் நாளுக்கு இத்தனை வண்டி என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. அறை கிடைத்தால் மட்டும் போதாது, மலை ஏறவும் அனுமதி வேண்டும்.

ரிட்டயர் ஆனவர்கள் எந்த மாதமும் போகலாமே என்கிறீர்களா? உண்மைதான். ஆனால் கூட்டமில்லாத மாதத்தில் ஹோட்டல்களே வாடகையைக் குறைத்துக் கூப்பிடுகின்றன. அப்போது புள்ளி எதற்கு? ஆக, கையில் மொத்தப் பணமும் நேரமும் வைத்திருக்கும் என் அப்பா போன்றவர்களுக்குத்தான் இந்தத் திட்டம் சுலபமாக விற்கப்படுகிறது. ஆனால் அவர்களுக்குத்தான் இது மிகவும் குறைவாகத் தேவை.

25 வருடம் என்பது சின்னக் காலம் இல்லை

நல்ல பெயருள்ள நிறுவனத்துக்கும் கஷ்ட காலம் வரும். ஸ்டெர்லிங் இடையில் கடன் சிக்கலில் மாட்டி, புதிய முதலீட்டாளர்கள் வந்து, 2014-ல் தாமஸ் குக் இந்தியாவோடு இணையும் அறிவிப்பு வந்தது. நிறுவனம் பிழைத்துக்கொண்டது. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை.

பான் கார்டு கிளப்ஸ் நினைவிருக்கிறதா? ஹோட்டல் அறை இரவுகளை விற்பதாகச் சொன்ன அந்த நிறுவனம், தங்காதவர்களுக்குப் பணம் பெருகித் திரும்பும் என்று மக்களிடம் வசூலித்தது. இது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று சொன்ன செபி, 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பித் தர 2016-ல் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். எனவே 'தங்காவிட்டால் பணம் பெருகித் திரும்பும்' என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஐரோப்பிய யூனியனில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். அந்த நாள்கள் முடியும் வரை விற்பவர் அட்வான்ஸ்கூட வாங்கக் கூடாது. நம் நாட்டில் டைம்ஷேருக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. விலகும் காலம் எத்தனை நாள் என்பதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்துக்கு முன் 6 கேள்விகள்

1. விலகும் காலம் எத்தனை நாள்? எந்தத் தேதியிலிருந்து கணக்கு? முழுப் பணமும் திரும்புமா?

2. ஆண்டுக் கட்டணம் இப்போது எவ்வளவு? கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு ஏறியது? உச்சவரம்பு உண்டா?

3. புள்ளிப் பட்டியலை மாற்ற யாருக்கு அதிகாரம்?

4. பாதியில் விட்டால் என்ன திரும்பும்? பல ஒப்பந்தங்களில் கட்டிய பணம் 'சேர்க்கைக் கட்டணம்', 'உரிமைக் கட்டணம்' என்று பிரிக்கப்பட்டிருக்கும். சேர்க்கைக் கட்டணம் திரும்பாது.

5. பிள்ளைகளுக்கு மாற்ற, வேறொருவருக்கு விற்க எவ்வளவு கட்டணம்?

6. வாயால் சொன்ன சலுகைகள் எழுத்தில் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் அவை இல்லவே இல்லை.

இன்னொரு எளிய சோதனை. அவர்களின் எதிரிலேயே, வரும் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்கு உறுப்பினராக அறை கிடைக்குமா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால்?

விலகும் காலத்துக்குள் இருந்தால் இ-மெயிலும் ஸ்பீட் போஸ்ட்டும் இரண்டும் அனுப்புங்கள். போனில் சொன்னது போதாது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் பதியலாம்.

எங்கள் வீட்டில் என்ன ஆனது?

அப்பாவின் ஒப்பந்தத்தில் விலகும் காலம் 10 நாள். நாங்கள் கணக்கை முடித்தது ஏழாவது நாள். எட்டாவது நாள் காலை இ-மெயில், மதியம் தபால். "இன்னொரு ஆஃபர் தர்றோம் சார்" என்று நாலைந்து போன் வந்தது. அட்வான்ஸ் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது.

இத்தனை நாளும் அம்மாவிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த ஹாலில் ரிசார்ட் அறையில் கிச்சன் இருப்பதைப் பெரிய வசதியாகச் சொன்னார்களாம்.

"ஏன்டி, அங்கே போயும் நான் சமைக்கணுமா?" என்றார் அம்மா. "எனக்கு ஏழு நாளெல்லாம் வேணாம். மூணு நாள் போதும். இந்த வருஷமே போனா போதும்."

அப்பா எதுவும் பேசவில்லை. மறுநாள் சாயந்திரம் பால்கனியில் உட்கார்ந்து, ஏற்காட்டில் வார நாளில் மூன்று இரவுக்கு ஒரு அறை புக் செய்தார். காலை டிபனோடு.