கணினிப் படிமமாக்கத்தில் ஏரிநீர்: காஞ்சிபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்
முப்பரிமாண மென்பொருள்களில் நீரை உருவாக்கும் கருவிகள் பெரும்பாலும் ஆழ்கடலை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றின் இயல்புநிலை மதிப்புகளை மாற்றாமல் தமிழக ஏரிகளுக்குப் பயன்படுத்தும்போது, ஏரி கடலாகவோ நீச்சல் குளமாகவோ தோற்றமளிக்கிறது. நீரின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் எதிரொளிப்பு, உட்கவர்தல், சிதறல், அலை ஆகிய நான்கு கூறுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏனாத்தூர், உத்திரமேரூர்ப் பகுதிகளில் காணப்படும் ஆழம் குறைந்த ஏரிக்கு அவற்றை எவ்வாறு பொருத்துவது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: படிமமாக்கம், ஒளிவிலகல் எண், சிதறல், அலைநிரல், ஏரி, எண்மிய மரபாவணம்.

முன்னுரை
காஞ்சிபுரம் வட்டாரத்தின் வரலாறு ஏரிகளோடு பிணைந்தது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கும்போது, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. அவ்வூரின் பேரேரி வயிரமேக தடாகம் என்னும் பெயரால் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. இத்தகைய இடங்களை எண்மிய வடிவில் மீட்டுருவாக்கும் முயற்சிகளில் கோயிலும் கல்வெட்டும் அளந்து வரையப்படுகின்றன; நீரோ மென்பொருளின் ஆயத்த அமைப்பிலிருந்து எடுத்து வைக்கப்படுகிறது. நீரின் நிறமும் அலையும் அதன் ஆழம், வண்டல், பருவம் ஆகியவற்றுக்குச் சான்றாக இருப்பதால், இதனை அழகியல் குறையாக மட்டும் கருத இயலாது. தவறான நீர் தவறான சான்றாகும்.

1. எதிரொளிப்பு
நீரின் ஒளிவிலகல் எண் 1.33. இம்மதிப்பின்படி, மேற்பரப்பில் செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே எதிரொளிக்கப்படுகிறது. கண்ணாடிக்குரிய 1.5 என்னும் மதிப்பை மாற்றாமல் விட்டால் இது 4 விழுக்காடாகி இரு மடங்காகிவிடும்.

பிரனெல் விதிப்படி, பார்வை சாயச் சாய எதிரொளிப்பு மிகுகிறது. நீர்மட்டத்திலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் கண் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவில் உள்ள நீரை நோக்கும்போது படுகோணம் ஏறத்தாழ 32 பாகை. எதிரொளிப்பு 2 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். பத்து மீட்டர் தொலைவை நோக்கினால் படுகோணம் 80 பாகையைக் கடக்கிறது. அமைதியான பரப்பில் எதிரொளிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகிறது. இதனால் ஒரே ஏரி காலடியில் தன் நிறத்தையும் தொலைவில் வானின் நிறத்தையும் காட்டுகிறது. ஏரிநீருக்கு நீலவண்ணம் பூசுவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். தொலைவில் தெரியும் நீலம் நீருக்குரியதன்று, வானுக்குரியது. மேகம் மூடிய ஐப்பசி வானின்கீழ் அதே நீர் சாம்பல் நிறமாகத் தோன்றும். எனவே வான ஒளியமைப்பைச் சரியாக அமைத்த பின்னரே நீரின் நிறத்தைத் தொட வேண்டும்.

2. உட்கவர்தலும் சிதறலும்
தூய நீர் சிவப்பொளியை மிகுதியாகவும் நீல ஒளியை மிகக் குறைவாகவும் உட்கவர்கிறது. போப், பிரை ஆகியோர் 1997இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, 650 நானோமீட்டர் அலைநீளத்தில் உட்கவர்தல் கெழு மீட்டருக்கு ஏறத்தாழ 0.34, 450 நானோமீட்டரில் 0.009. பீர்–லாம்பர்ட் விதியைப் பயன்படுத்தினால், 3 மீட்டர் தூய நீரைக் கடந்த பின் சிவப்பொளியில் ஏறத்தாழ 36 விழுக்காடும் நீல ஒளியில் 97 விழுக்காடும் எஞ்சும். ஆழ்கடலின் நீலத்திற்கு இதுவே அடிப்படை.

ஏரியின் நிலை வேறு. தமிழில் வழங்கும் தெளிநீர், கலங்கல்நீர், பாசிநீர் என்னும் சொற்கள் ஒளியியல் நோக்கிலும் மூன்று தனித்த வகைகளைச் சுட்டுகின்றன.

தெளிநீரில் உட்கவர்தலே முதன்மை பெறுகிறது. ஆழம் குறைந்த இடங்களில் தரையின் நிறமே மேலோங்கும்.

கலங்கல்நீரில் சிதறல் முதன்மை பெறுகிறது. ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய மண்துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடுகள் நீல ஒளியை உட்கவர்வதால் நீர் செம்பழுப்பாகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது வரத்துக்கால் வழியே ஏரிக்குள் புகும் புதுநீர் இவ்வகையது.

பாசிநீரில் பச்சையம் நீல, சிவப்பு ஒளிகளை உட்கவர்ந்து பச்சையை விட்டுவைக்கிறது. மழை ஓய்ந்து நீர் தேங்கும் காலத்திலும், படித்துறைகளால் சூழப்பட்ட கோயில் குளங்களிலும் இதனைக் காணலாம்.

மென்பொருளில் இவ்வேறுபாட்டைக் காட்ட, மேற்பரப்பின் வண்ணத்தை மாற்றுவது போதாது. மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையிலான கன அளவுக்கு உட்கவர்தல், சிதறல் மதிப்புகளைத் தனித்தனியே தர வேண்டும். நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைப் பெரிதும் முன்னோக்கியே சிதறடிப்பதால், சிதறலின் திசைச்சார்பு மதிப்பைச் சுழியாக விடாமல் 0.9 அளவில் வைப்பது பொருந்தும்.

இம்மதிப்புகளை ஊகிக்க வேண்டியதில்லை. இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865இல் பயன்படுத்திய வெண்தட்டு முறை இன்றும் துணைசெய்கிறது. அளவிட்ட கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை நீருள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். பூல், அட்கின்சு ஆகியோர் 1929இல் தந்த தோராய விதிப்படி, 1.7 என்னும் எண்ணை அவ்வாழத்தால் வகுத்தால் ஒளிக்குறைவுக் கெழு கிடைக்கும். தட்டு அரை மீட்டரில் மறைந்தால் கெழு மீட்டருக்கு 3.4; ஒரு மீட்டர் ஆழத்தைச் சென்றடையும் ஒளி ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. அத்தகைய ஏரியின் தரையில் நெளியும் ஒளிவலைகளைக் கணிப்பது வீண். அவை கண்ணுக்குத் தெரியமாட்டா. இங்கு மெய்ம்மை கணிப்பு நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது.

3. அலை
கெர்சுட்னர் 1802இல் அலைக்கு ஒரு கணிதத் தீர்வை அளித்தார். பூர்னியர், ரீவ்சு ஆகியோர் 1986இல் அதன் வழியில் கணினி வரைகலைக்கான கடலலை மாதிரியை அமைத்தனர். பல்லாயிரம் அலைகளைப் புள்ளியியல் நிரலிலிருந்து கூட்டிப் பெறும் முறையை டெசெண்டார்ப் 2001இல் பாடக் குறிப்புகளாக விளக்கினார். 'டைட்டானிக்' (1997) திரைப்படத்தின் கடல் இவ்வழியில் உருவானது. இன்றைய மென்பொருள்கள் பலவும் இதனையே பின்பற்றுகின்றன.

கட்டற்ற மென்பொருளான பிளெண்டரின் கடல் கருவியில் இயல்புநிலை ஆழம் 200 மீட்டர். காற்றின் வேகம் நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். இது புயற்காற்றின் வேகம். டெசெண்டார்ப் பயன்படுத்திய பிலிப்சு நிரலில் பேரலையின் அளவு, காற்று வேகத்தின் வருக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்துப் பெறப்படுகிறது. நொடிக்கு 30 மீட்டருக்கு இது ஏறத்தாழ 92 மீட்டர். 5 மீட்டருக்கு 2.5 மீட்டர். இம்மதிப்பும் காற்று நெடுந்தொலைவு தடையின்றி வீசும் கடலுக்கே பொருந்தும். கரைகளுக்கிடையே காற்றோடும் தொலைவு குறுகிய ஏரியில் அலை இதனினும் சிறிதாகவே இருக்கும். எனவே காற்றோடும் தொலைவையும் ஆழத்தையும் கருத்தில் கொள்ளும் ஆழங்குறை நீர் நிரலைத் தேர்ந்தெடுப்பது நலம். ஆழத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் நீளமுள்ள அலைகள் தரையை உணரத் தொடங்கும். 2 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் இவ்வெல்லை 4 மீட்டர்.

ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள சிற்றலைகளைப் பரப்பு இழுவிசையே ஆள்கிறது. ஏரி முழுவதற்கும் இவற்றை வலைப்பின்னலாக அமைத்தல் இயலாது. அண்மையில் மேடுபள்ள வரைபடத்தாலும், தொலைவில் பரப்பின் சொரசொரப்பு மதிப்பாலும் இவற்றைக் குறிக்கலாம். காக்ஸ், மங்க் ஆகியோர் 1954இல் கடற்பரப்பின் கதிரொளி மினுக்கத்தைக் கொண்டு வகுத்த தொடர்பு, நொடிக்கு 5 மீட்டர் காற்றில் அலைச்சாய்வு ஏறத்தாழ 10 பாகை எனத் தருகிறது. ஏரிக்கு இதனைத் தொடக்க மதிப்பாகக் கொண்டு, ஒளிப்படத்தோடு ஒப்பிட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

முடிவுரை
ஏரியின் மெய்த்தோற்றத்தைப் பெற, முதலில் வான ஒளி, பின் ஒளிவிலகல் எண், அதன்பின் அளந்து பெற்ற ஒளிக்குறைவு, இறுதியாக ஏரியின் ஆழத்திற்கும் அகலத்திற்கும் ஏற்ற அலை என்னும் வரிசை பொருத்தமானது. மீட்டுருவாக்கப்பட்ட காட்சி எந்த மாதத்தின் நீரைக் காட்டுகிறது, அம்மதிப்புகள் அளக்கப்பட்டவையா கருதப்பட்டவையா என்பதைப் படிமத்தோடு சேர்த்துப் பதிவிடுதல் இன்றியமையாதது. மதகின் அளவைக் குறிக்கும் ஆவணம் நீரின் கலங்கலையும் குறித்தாக வேண்டும். வாரியம் அமைத்துக் காக்கப்பட்ட ஏரியின் வண்டலை நீலவண்ணத்தால் மறைக்கும் படிமம், அவ்வேரியைக் காத்தவர்களின் உழைப்பையும் மறைத்துவிடுகிறது.