சிற்றுருவங்களில் மேனி வண்ணம்

ஜெர்மனி நாட்டிலுள்ள நியூரம்பெர்க், பொம்மைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். 18-ஆம் நூற்றாண்டில் அந்நகரத்து வெள்ளீய வினைஞர்கள், பலகைக்கல்லில் குடைந்த அச்சுகளில் உருக்கிய உலோகத்தை வார்த்து, தட்டையான சின்னஞ்சிறு போர்வீரர் உருவங்களைச் செய்தனர். 1848-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் என்பவர் தம் உருவங்களுக்கு ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் உயரத்தை அளவாகக் கொண்டார். அவ்வளவே பின்னர்ப் பலராலும் பின்பற்றப்பட்டது. சிறுவர்க்கு விளையாட்டுப் பொருளாக இருந்த இவ்வுருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல், நாளடைவில் முதியோரும் பொறுமையுடன் பயிலும் நுண்கலையாக வளர்ந்தது.

இக்கலையில் மிகக் கடினமானது எது? வாளன்று, குதிரையன்று, மனித முகமே ஆகும். 30 மில்லிமீட்டர் உயரமுள்ள உருவத்தில் முகம் ஓர் உளுந்தின் அளவே இருக்கும். சட்டைக்குச் சிவப்பும் காலணிக்குக் கறுப்பும் பூசினால் அவை ஒருவாறு பொருந்திவிடும். முகம் முழுவதற்கும் ஒரே வண்ணத்தைப் பூசினாலோ, உயிருள்ள முகம் தோன்றாது, முகமூடியே தோன்றும்.

இதற்குக் காரணம் மனிதத் தோலின் இயல்பிலேயே உள்ளது. தோலின் மேலடுக்கில் மெலனின் என்னும் பழுப்பு நிறப்பொருள் உண்டு. அது மிகுந்தால் மேனி கருமையடையும், குறைந்தால் வெளிறும். அவ்வடுக்கின் கீழே நுண்ணிய குழாய்களில் செங்குருதி ஓடுகிறது. தோலின்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி உட்புகுந்து, சிதறி, மீண்டும் வெளிவருகிறது. ஆகவே, ஒரு முகத்திலேயே பல நிறங்கள் கலந்து விளங்குகின்றன. வெளிறிய மேனியுடையோரின் கன்னமும் மூக்கு நுனியும் காதுமடலும் செம்மை காட்டும். மழித்த மோவாயில் நீலச் சாம்பல் நிறம் படரும். கரிய மேனியுடையோரின் உள்ளங்கை வெளிர்நிறமாய் இருக்கும்.

ஓவியர் எதிர்கொள்ளும் மற்றொரு தடை, உருவத்தின் சிறுமையாகும். வெயிலில் நிற்கும் மனிதனின் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பிலும் ஒளி படுகிறது. கண்குழியிலும் கீழுதட்டின் அடியிலும் தாடையின் கீழும் நிழல் தங்குகிறது. சிற்றுருவத்தின் மேடுபள்ளங்களோ மிக நுண்ணியவை. அவற்றில் இயற்கையாக விழும் நிழல் சற்றுத் தொலைவிலிருந்து காண்பவருக்குப் புலப்படாது. எனவே, ஒளியையும் நிழலையும் ஓவியரே தூரிகையால் படைத்தல் வேண்டும். தட்டை உருவத்திலோ, முகத்தின் திரட்சி பெரும்பாலும் வண்ணத்தாலேயே தோன்ற வேண்டும்.

அதற்குரிய முறை வருமாறு: முதலில் உருவத்தைக் கழுவி உலர்த்தி, அடிப்பூச்சு இடுவர். பின்னர், மேனியின் இடைநிறத்தை நீர்க்கக் கரைத்துப் பரப்புவர். அது நன்கு உலர்ந்த பின்னர்ப் பள்ளங்களில் செம்பழுப்பு நிழலையும், மேடுகளில் படிப்படியாக வெளிர்நிறத்தையும் மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவர். நிழலுக்குக் கறுப்பை மட்டும் கலந்தால் மேனி அழுக்கேறியதுபோல் தோன்றும். ஒளிக்கு வெள்ளையை மட்டும் கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். ஒவ்வொரு பூச்சும் கீழுள்ளதை முற்றும் மறைக்காமல் இருப்பதால், தோலைப் போலவே வண்ணமும் உள்ளிருந்து ஒளிர்கிறது.

இவ்வடுக்கு முறை புதியதன்று. 1400-ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூல், முகத்துக்கு முதலில் பச்சை மண் வண்ணத்தைப் பூசுமாறு கூறுகிறது. செம்மையின் அடியில் பச்சை அமைந்தால், நிழல் இயற்கையாய்த் தணிந்து தோன்றும். மேற்பூச்சுத் தேய்ந்துபோன சில பழைய ஓவியங்களில் முகங்கள் இன்று பசுமையாய்க் காணப்படுவது இதனாலேயாம். சிற்றுருவ ஓவியர் சிலர் இன்றும் இம்முறையைக் கையாள்கின்றனர்.

கரிய மேனியைத் தீட்டுவோர் வெளிறிய மேனிக்குரிய விதியை அப்படியே கொள்ளலாகாது. அங்கே ஒளி பளபளப்பாய் வெளிப்படும். செம்பழுப்பு, காவி, சிறிதளவு நீலம் ஆகியவை அதனுள் கலந்திருக்கும். பழுப்பு ஒன்றையே பூசி நிறுத்தினால், அம்முகமும் உயிரற்றதாகவே நிற்கும்.

வெளிறிய இளஞ்சிவப்பு ஒன்றுக்கே 'மேனி நிறம்' என்னும் பெயரைச் சூட்டி விற்கும் வழக்கம் முன்னர் இருந்தது. அமெரிக்காவின் கிரேயோலா மெழுகு வண்ணக்கோல்களிலும் அப்பெயர் இடம்பெற்றிருந்தது. அவ்வண்ணத்தோடு தம் கையை ஒப்பிட்டுப் பார்த்த கருநிறக் குழந்தை என்ன எண்ணியிருக்கும்? 1962-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அப்பெயரை நீக்கி, பீச் என்னும் பழத்தின் பெயரை இட்டது. 2020-ஆம் ஆண்டில், உலக மக்களின் மேனிக்கேற்ற 24 வண்ணக்கோல்களைத் தனித் தொகுதியாகவே வெளியிட்டது.

மேனி நிறம் என்று ஒன்றில்லை. மேனிதோறும் நிறம் வேறு. ஒரு மேனியிலேயே நிறங்கள் பல. உளுந்தளவு முகத்தில் உயிரை வரவழைக்க விரும்புவோர், தூரிகையை எடுக்குமுன் மனித முகங்களைக் கூர்ந்து நோக்கப் பழக வேண்டும். அங்ஙனம் நோக்கப் பழகிய கண், பிறகு எந்த மேனியையும் ஒற்றைச் சொல்லால் அளந்துவிடத் துணியாது.